மண்ணையும் நீரையும் அளந்த பேராசிரியர் எஃப். ஹெச். கிங்

இந்தூரில் வசிக்கும் நம் உறுப்பினர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கலாம். குப்பையையும் சாணத்தையும் அடுக்கி மக்கு உரம் தயாரிக்கும் ஒரு முறை உலகம் முழுவதும் அவர்கள் ஊரின் பெயராலேயே ‘இந்தூர் முறை’ என்று வழங்குகிறது. 1924 முதல் 1931 வரை அங்கே இன்ஸ்டிடியூட் ஆஃப் பிளாண்ட் இண்டஸ்ட்ரி என்ற நிலையத்தை நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டும், அவருடன் பணியாற்றிய யஷ்வந்த் வாடும் சேர்ந்து உருவாக்கிய முறை அது. ஹோவர்டுக்குப் பின்னாளில் சர் பட்டம் கிடைத்தது, பெயரும் புகழும் கிடைத்தன. ஆனால் அவருக்கு முன்பே இதே வழியில் யோசித்து, அவர் கையில் கிடைக்கும்படி ஒரு புத்தகத்தை விட்டுச் சென்ற அமெரிக்கப் பேராசிரியரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அந்தப் புத்தகத்தில் இந்தியாவுக்கென்று ஒரு அத்தியாயம் கிடையாது. எழுதியவர் அதை முடிக்கவும் இல்லை, முழுமையாக வெளிவந்ததைப் பார்க்கவும் இல்லை. அவர் பெயர் பிராங்க்ளின் ஹிராம் கிங்.

1848-ம் ஆண்டு ஜூன் 8-ம் தேதி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். உள்ளூர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்து 1872-ல் தேறினார். பிறகு மாநில நிலவியல் ஆய்வுத் துறையில் சில வருஷங்கள், கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷப் படிப்பு. 1878-லிருந்து பத்து வருஷம் ரிவர் ஃபால்ஸ் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இயற்கை அறிவியல் கற்பித்தார். 1880-ல் கேரி பேக்கர் என்ற பெண்மணியை மணந்தார். இந்த அம்மையாரைப் பற்றிக் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் அவருடைய சுபாவத்தைக் காட்டும். பறவைகள் பயிருக்கு நன்மை செய்கின்றனவா, தீமை செய்கின்றனவா என்று விவசாயிகளுக்குள் வாதம் நடப்பது எல்லா ஊரிலும் உண்டு. கிங் வாதத்தில் இறங்கவில்லை. விஸ்கான்சின் பறவைகளின் இரைப்பையைத் திறந்து அவை என்ன தின்றிருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் போட்டார். அந்த அறிக்கை 1883-ல் வெளிவந்தது. எதையும் எண்ணிப் பார், அளந்து பார், பிறகு பேசு என்பது ஆரம்பத்திலிருந்தே அவருக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தப் பழக்கம்தான் பிற்பாடு அவருக்கு வேலையையும் இழக்க வைத்தது.

1888-ல் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரை வேளாண் இயற்பியல் பேராசிரியராக அழைத்தது. அமெரிக்காவில் அப்படி ஒரு பேராசிரியர் பதவி அதுவே முதல் என்று சொல்கிறார்கள். அப்போது மண்ணைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் ரசாயனம் படித்தவர்கள். மண்ணில் நைட்ரஜன் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மண்ணுக்குள் நீர் எப்படி நகர்கிறது, காற்று எப்படிப் புகுகிறது, வேருக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விகளை வகுப்பறைக்கும் வயலுக்கும் கொண்டு வந்தவர் கிங். அமெரிக்காவில் மண் இயற்பியலின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

ஒரு செடி வளர எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை அவர் கண்டுபிடித்த விதம் எளிமையானது. பெரிய உருளைத் தொட்டிகளில் மண் நிரப்பிப் பயிர் வைத்தார். ஊற்றிய தண்ணீரை எடை போட்டார், தொட்டியை எடை போட்டார், கடைசியில் பயிரை அறுத்து உலர்த்தி எடை போட்டார். உலர்ந்த பயிர் ஒரு கிலோ விளைய மக்காச்சோளத்துக்குச் சுமார் 270 கிலோ தண்ணீரும், பார்லிக்கு 460 கிலோவும், ஓட்ஸுக்கு 500 கிலோவும், க்ளோவர் என்ற தீவனப் பயிருக்கு 575 கிலோவும் செலவாயின. மழை நன்றாகப் பெய்கிற ஊர் என்று நினைக்கப்பட்ட விஸ்கான்சினில்கூட, வெயில் காலத்தில் பயிர் தாகத்தோடுதான் நிற்கிறது என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரிந்தது. 1895-ல் மண்ணைப் பற்றியும், 1899-ல் பாசனமும் வடிகாலும் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் மாணவர்களுக்கு வெகுகாலம் பாடமாக இருந்தன.

நிலத்தடி நீரைப் பற்றி அவர் செய்த வேலை இன்னும் சுவாரசியமானது. பல்கலைக்கழகப் பண்ணையில் கிணறுகளைத் தோண்டி நீர்மட்டத்தைத் தொடர்ந்து குறித்து வந்தார். பூமிக்குள் தண்ணீர் ஏரி போலச் சமதளமாகக் கிடப்பதில்லை, மேலே நிலம் மேடாக இருக்கும் இடத்தில் உள்ளே நீர்மட்டமும் மேடாக இருக்கிறது, தாழ்வான இடத்தை நோக்கி அது மெதுவாக நடந்துகொண்டே இருக்கிறது என்பதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார். சொந்த ஊரான ஒயிட்வாட்டரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிணற்றில், நீர்மட்டத்தைத் தானே பதிவு செய்யும் கருவி ஒன்றை வைத்தார். தாளில் நடுநடுவே சிறு துள்ளல்கள் தெரிந்தன. நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், ரயில் போகும் ஒவ்வொரு முறையும் கிணற்று நீர் கொஞ்சம் எழும்பி இறங்கியிருக்கிறது! வேகமாகப் போகும் வண்டியைவிட, பாரம் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து போகும் கூட்ஸ் வண்டிக்கு நீர் அதிகமாக எழும்பியது. ரயிலின் பாரம் பூமியை அழுத்த, மண்ணுக்குள் இருக்கும் நீர் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறது. 1892-ல் இதை அவர் வெளியிட்டார். நிலத்தடி நீர் பற்றிய நூல்களில் இந்த ரயில் கதை இன்றும் இடம்பெறுகிறது.

எங்கள் கிராமத்து வீட்டில் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் காலையில் ஒரு படி, மாலையில் ஒரு படி இருக்கும் என்று பாட்டி சொல்வாள். நாங்கள் சிரிப்போம். காற்றழுத்தம் மாறினால் கிணற்று நீர்மட்டமும் மாறும் என்று கிங் பதிவு செய்திருப்பதைப் படித்தபோது பாட்டியை நினைத்துக்கொண்டேன்.

மேடிசனில் இருந்த காலத்தில் அவர் விவசாயிகளுக்கு உபயோகமாக வேறு சில காரியங்களும் செய்தார். மாட்டுத் தீவனத்தைக் காற்றுப்படாமல் அடைத்து வைக்கும் சைலோக்கள் அப்போது சதுரமாக இருந்தன, மூலைகளில் தீவனம் கெட்டுப்போனது. கிங் அதை வட்டமாகக் கட்டச் சொன்னார். 1889-ல் தம் சகோதரருக்காக ஒயிட்வாட்டரில் வட்ட வடிவ மாட்டுத் தொழுவம் ஒன்றையும் வடிவமைத்தார். மாட்டுக் கொட்டிலில் நல்ல காற்று வந்து கெட்ட காற்று வெளியேறும்படி அவர் அமைத்த ஏற்பாட்டுக்கு அவர் பெயரே வைத்தார்கள்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்வதற்கில்லை. மேல் மண்ணை அடிக்கடி கிளறிப் புழுதியாக வைத்திருந்தால் கீழே இருக்கும் ஈரம் ஆவியாகாது என்று அவர் உறுதியாக நம்பினார். பல ஊர்களில் விவசாயிகள் அதைப் பின்பற்றினார்கள். மேல் மண் தானே காய்ந்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான், கிளறுவதால் களை போவதே முக்கிய லாபம் என்று 1920-களில் கலிஃபோர்னியாவில் நடந்த சோதனைகள் காட்டின. அளந்து சொன்னவரை இன்னும் கவனமாக அளந்தவர்கள் திருத்தினார்கள்.

1902-ல் அவர் வாழ்க்கை திசை மாறியது. வாஷிங்டனில் மத்திய விவசாய இலாகாவின் கீழ் மண் துறை என்ற அலுவலகம் இருந்தது. அதன் தலைவர் மில்டன் விட்னி. மண் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவராக வரும்படி கிங்குக்கு அழைப்பு வந்தது. பதினான்கு வருஷப் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு, 54 வயதில் அவர் தலைநகருக்குக் குடிபெயர்ந்தார்.

விட்னியும் சாமானியர் அல்ல. அமெரிக்கா முழுவதும் மண் வகைகளை வரைபடமாக்கும் பெரும் பணியைத் தொடங்கி நடத்தியவர். ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. ஏறக்குறைய எல்லா மண்ணிலும் பயிருக்கு வேண்டிய சத்து கரைந்த நிலையில் போதுமான அளவு இருக்கிறது, அது தீரவே தீராது, விளைச்சல் கூடுவதும் குறைவதும் மண்ணின் நயத்தையும் ஈரத்தையும் பருவத்தையும் பொறுத்தது என்பதே அது. 1903-ல் வெளியான 22-ம் எண் புல்லட்டினில், காமெரன் என்ற ரசாயனரோடு சேர்ந்து இதை அரசாங்க முத்திரையோடு அறிவித்தார். இது காகிதத்தில் நடக்கும் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. மண்ணின் சத்து தீராது என்று அரசாங்கமே சொன்னால், நிலத்திலிருந்து எடுப்பதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எந்த விவசாயி கவலைப்படுவான்? தெற்கு மாநிலங்களில் பருத்தியும் புகையிலையும் போட்டுப் போட்டுக் களைத்துப்போன நிலங்கள் அப்போதே ஏராளமாக இருந்தன.

அதே சமயத்தில் அதே அலுவலகத்தில் கிங் தம் வழக்கப்படி அளந்துகொண்டிருந்தார். வட கரோலினாவில் கோல்ட்ஸ்போரோ, மேரிலாந்தில் அப்பர் மார்ல்போரோ, பென்சில்வேனியாவில் லங்காஸ்டர், விஸ்கான்சினில் ஜேன்ஸ்வில் என்று நான்கு இடங்களில், நன்றாக விளையும் மண்ணையும் சரியாக விளையாத மண்ணையும் எடுத்துக்கொண்டார். தொழு உரம் ஏக்கருக்கு 5 டன், 10 டன், 15 டன் என்று படிப்படியாகக் கூட்டிப் போட்டார். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரில் என்னென்ன சத்து எவ்வளவு வருகிறது என்று பார்த்தார். விளைச்சல் அதிகமான மண்ணில் கரையும் சத்தும் அதிகம், தொழு உரம் போட்டால் அது இன்னும் கூடுகிறது, பயிரும் அதற்கேற்ப உயர்கிறது என்று தெரிந்தது. தலைவர் சொன்னதற்கு நேர் எதிரான முடிவு.

ஆறு கட்டுரைகள் எழுதிக் கொடுத்தார். மூன்றை வெளியிடலாம் என்று விட்னி ஒப்புக்கொண்டார். மற்ற மூன்றையும் வெளியிட மறுத்தார். கொள்கைக்கு ஒத்துவராதவை அந்த மூன்றும்தான்.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். மேலதிகாரிக்குப் பிடிக்காத ஃபைல் என்ன கதியாகும் என்று விளக்க வேண்டியதில்லை. பேசாமல் இருந்திருந்தால் கிங்குக்குப் பதவியும் சம்பளமும் நிலைத்திருக்கும். பழைய பேராசிரியர் பதவியையோ விட்டுவிட்டு வந்தாயிற்று. 1904-ல் ராஜிநாமா செய்துவிட்டு மேடிசனுக்குத் திரும்பினார். மறுக்கப்பட்ட மூன்று கட்டுரைகளையும் அதே வருஷம் தாமே வெளியிட்டார். ஒப்புக்கொள்ளப்பட்ட மூன்று மட்டும் மறு வருஷம் 26-ம் எண் புல்லட்டினாக அரசாங்க வெளியீட்டில் வந்தன. கலிஃபோர்னியாவில் ஹில்கார்டு, இல்லினாயில் ஹாப்கின்ஸ் போன்ற பெரிய மண் அறிஞர்கள் விட்னியின் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் விட்னி அசையவில்லை. 1909-ல்கூட, நாட்டின் செல்வங்களில் அழியாதது மண் ஒன்றே என்று அவர் துறை அறிவித்தது. காலப்போக்கில் அறிவியல் உலகம் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. அதற்குள் கிங் காலமாகிவிட்டார்.

பதவி இல்லாமல் மேடிசனில் இருந்த அந்த வருஷங்களில் ஒரு கேள்வி அவரை விடவில்லை என்று தோன்றுகிறது. நூறு வருஷத்துக்குள் அமெரிக்க நிலம் களைத்துப்போகிறது என்றால், ஆயிரக்கணக்கான வருஷங்களாக அதே நிலத்தை உழுது அத்தனை ஜனங்களுக்குச் சோறு போடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? 1909 பிப்ரவரியில், 60 வயதில், சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளுக்குக் கப்பல் ஏறினார். பல மாதங்கள் சுற்றினார். கேண்டன், ஷாங்காய், ஷான்டுங், மஞ்சூரியா என்று போகுமிடமெல்லாம் வரப்பில் நின்று எண்ணினார், அளந்தார், போட்டோ எடுத்தார். ஷான்டுங்கில் ஒரு குடியானவர் இரண்டரை ஏக்கர் நிலத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பத்தையும், ஒரு கழுதை, ஒரு பசு, இரண்டு பன்றிகளையும் காப்பாற்றுவதைப் பார்த்து வியந்தார்.

அவர் கண்டது இதுதான். அங்கே எதுவும் வீணாவதில்லை. கால்வாய் அடியில் படியும் சேற்றை வாரி வயலுக்குக் கொண்டு போகிறார்கள். தழைப் பயிரை வளர்த்து, அறுத்து, அந்தச் சேற்றோடு அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைக்கிறார்கள். சாம்பல், வைக்கோல், பழைய மண் சுவர் எல்லாம் நிலத்துக்கே திரும்புகின்றன. ஒரு பயிர் வயலில் நிற்கும்போதே அடுத்த பயிருக்கு நாற்றங்காலில் நாற்று தயாராகிறது. இதனால் ஒரு மாதத்துக்கும் மேல் நிலமும் நீரும் மிச்சமாகின்றன என்று அவர் கணக்குப் போட்டார். தஞ்சாவூர்க்காரர்களுக்கு நாற்றங்காலில் அதிசயம் ஒன்றும் இல்லை. விஸ்கான்சின் பேராசிரியருக்கு அது பெரிய பாடமாக இருந்தது.

மலக்கழிவையும் அவர்கள் விடுவதில்லை. நம் வீடுகளின் ஆசாரத்துக்கு இந்த விஷயம் முகம் சுளிக்க வைக்கும், சொல்லாமல் விட்டால் கிங்கின் கதை பாதிதான். 1908-ல் ஷாங்காய் நகரம், வீடுகளிலிருந்து அதை அள்ளிக்கொண்டு போகும் உரிமையை ஒரு சீனக் காண்டிராக்டருக்கு 31,000 டாலருக்கு மேல் விற்றிருந்தது. 78,000 டன்! நம் நாடுகளில் இதைக் கொட்டித் தொலைக்க நகரசபை பணம் செலவழிக்கிறது, அங்கே விவசாயி பணம் கொடுத்து வாங்கிப் போகிறான் என்பதை கிங் திரும்பத் திரும்ப யோசித்தார். நிலத்திலிருந்து தானியமாக ஊருக்குப் போன சத்து மறுபடி நிலத்துக்கு வந்தால்தான் நிலம் நிலைக்கும். வாஷிங்டனில் சொல்லவிடாமல் தடுத்த முடிவும் கிட்டத்தட்ட இதுதான்.

அவர் பார்க்காததும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் துணையோடு சில மாதங்கள் பார்த்தவருக்கு அந்த உழைப்பின் வலி முழுவதும் தெரிந்திருக்க நியாயமில்லை. சீனாவை அவ்வப்போது வாட்டிய பெரும் பஞ்சங்களை வைத்துப் பார்த்தால், அவர் வர்ணிக்கும் நிறைவு கொஞ்சம் கூடுதலாகவே படுகிறது. பச்சையாக இடும் மலக்கழிவினால் குடல் புழுக்களும் நோயும் பரவின. ஜனங்கள் தண்ணீரைக் காய்ச்சித் தேநீராகக் குடிப்பது ஒரு பாதுகாப்பு என்று அவர் கவனித்து எழுதினார், ஆனால் அது மட்டும் போதாது.

ஊர் திரும்பிப் புத்தகம் எழுத உட்கார்ந்தார். ‘நாற்பது நூற்றாண்டுகளின் உழவர்கள்’ என்பது தலைப்பின் பொருள். சீனாவும் ஜப்பானும் உலகத்துக்குச் சொல்லும் செய்தி என்று ஒரு கடைசி அத்தியாயம் எழுதுவதாக இருந்தார். எழுதவில்லை. 1911 ஆகஸ்ட் 4-ம் தேதி, 63 வயதில், மேடிசனில் காலமானார்.

இருந்த கையெழுத்துப் பிரதியைக் கேரி அம்மையார் எடுத்துக்கொண்டார். அவருடைய முயற்சியில் அதே 1911-ல் மேடிசனிலிருந்து, அவர் பெயரையே வெளியிட்டவர் பெயராகப் போட்டுப் புத்தகம் வந்தது. கார்னெலின் புகழ்பெற்ற தாவர அறிஞர் பெய்லி முன்னுரை எழுதினார். கடைசி அத்தியாயம் இல்லாமலே வெளிவந்தது. அப்போது பெரிதாக யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. 1927-ல் லண்டனில் மறுபதிப்பு வந்தது.

அப்போது ஹோவர்டு இந்தூரில் இருந்தார். பருத்தி ஆராய்ச்சிக்காக வந்த இடத்தில், கரிசல் மண்ணுக்குத் தேவையான மக்கு உரம் எங்கிருந்து வரும் என்பதே அவருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. கிங் வர்ணித்த சீன முறையை எடுத்துக்கொண்டு, பருத்திச் செத்தை, இலை தழை, சாணம், மாட்டுக் கோமியம் ஊறிய மண், கொஞ்சம் சாம்பல் என்று நம் ஊரில் கிடைப்பதை வைத்து, எத்தனை நாளில் புரட்ட வேண்டும், எவ்வளவு ஈரம் வேண்டும், காற்று எப்படிப் போக வேண்டும் என்று வாடும் அவரும் சோதித்தார்கள். சுமார் மூன்று மாதத்தில் உரம் தயாரானது. 1931-ல் இருவரும் சேர்ந்து எழுதிய நூலில் இது வெளிவந்தது. கிங்குக்குத் தாம் பட்ட கடனை ஹோவர்டு மறைக்கவில்லை. 1939-ல் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா, நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கி மூடி மக்க வைக்கும் வேறொரு முறையைச் செய்து காட்டினார். அதுவும் அந்த ஊரின் பெயரிலேயே வழங்குகிறது.

2022 பிப்ரவரியில் இந்தூரில் தினம் 550 டன் ஈரக் குப்பையை வாயுவாகவும் உரமாகவும் மாற்றும் ஆலை திறக்கப்பட்டது. அங்குள்ள நம் உறுப்பினர்கள் காலையில் காய்கறித் தோலைத் தனியாகப் பிரித்துக் குப்பை வண்டியில் போடும்போது, அது போய்ச் சேரும் வழியில் மேடிசனில் ஒரு வீட்டில் பாதியில் நின்ற கையெழுத்துப் பிரதி ஒன்றும், அதை அச்சுக்குக் கொண்டு போன ஒரு விதவையும் உண்டு.